நாற்பது வயதில் போட்ட விண்ணப்பம்!



இத்தனை வருஷமாக இந்தப் பகுதியைப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. மதுரையில் என் அம்மா சேர்த்து வைத்து, யாராவது அமெரிக்கா வரும்போது ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக் கொடுத்தனுப்பும் தாள்களைத்தான் நானும் படித்து வருகிறேன். எத்தனையோ சகோதரிகள் மனம் விட்டு எழுதியது எனக்கு உதவியிருக்கிறது. என் அனுபவமும் யாருக்காவது உதவட்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

என் வயது 43. பி.எஸ்சி., கணிதம், அப்புறம் பி.எட்., முடித்தேன். அடுத்தது கல்யாணம். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 2006ல் நியூஜெர்சி மாநிலத்துக்கு வந்தோம். ஒரே பையன், இப்போது அவனுக்கு வயது 17. பதிமூன்று வருஷம் சமையல், சலவை, பையனைப் பள்ளியில் விடுவது, அழைத்து வருவது என்றே ஓடியது. இன்று நான் ஒரு பல்கலைக்கழகத்தில் 'பள்ளி உளவியல்' மேற்படிப்பில் இரண்டாம் வருட மாணவி!

இந்தப் படிப்பைத் தேடி நான் போகவில்லை. ஒரு கடிதம்தான் என்னை இதில் கொண்டு வந்து விட்டது.

2013ல் பையனைக் கிண்டர்கார்டனில் சேர்த்தோம். வீட்டில் அவனுக்கு வாய் ஓயாது. ஆனால், வகுப்பில் நான்கு மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் குழந்தையின் வளர்ச்சி பற்றிப் பேச வேண்டும். சைல்ட் ஸ்டடி டீம் கூட்டத்துக்கு வரவும்' என்று. படித்ததும் எனக்குப் பகீரென்றது.

இந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கு இப்படி ஒரு குழு உண்டு. பள்ளி உளவியலாளர், கற்றல் குறைபாட்டுக்கான ஆசிரியை, சமூகப் பணியாளர் என்று மூன்று பேர் இருப்பார்கள். பிள்ளைக்குப் படிப்பிலோ, பேச்சிலோ, பழகுவதிலோ சிரமம் என்று தெரிந்தால் இவர்கள்தான் சோதித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். கையெழுத்து இல்லாமல் முதல் சோதனையை ஆரம்பிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? ஊருக்குப் போன் போட்டேன். மாமியார் பதறிப் போனார்.

''ஏம்மா, பிள்ளைக்குப் புத்தி சரியில்லைன்னு எழுதி வச்சிருவாங்க. கையெழுத்து கிய்யெழுத்து போட்டுராத. நம்ம சொந்தத்துல யார்கிட்டயும் மூச்சு விடாத!''

அத்தையைக் குறை சொல்லவில்லை. பேரன் மேல் உள்ள பாசம்தான் அப்படிப் பேச வைத்தது. என் பயமும் அதேதான்.

கூட்டத்துக்குப் போனேன். அங்கிருந்த உளவியலாளர் வயதான அமெரிக்கப் பெண்மணி. என்னைப் பார்த்ததும் பேப்பரை நீட்டவில்லை. தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கொண்டு, ''தூங்கப் போகும் முன் உங்கள் பையன் என்ன பேசுவான்?'' என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்காத கேள்வி! எனக்கு அழுகை வந்துவிட்டது.

''வீட்டில் அவன் பேசுவதைக் கொஞ்சம் பதிவு பண்ணிக் கொண்டு வாருங்கள்'' என்றார். ரயில் பொம்மையை வைத்துக் கொண்டு, 'மதுரை ஜங்ஷன் வந்தாச்சு, தாத்தா ஏறுங்க' என்று அவன் பத்து நிமிஷம் பேசியதைச் செல்போனில் எடுத்துக் கொண்டு போனேன். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு முழுவதும் கேட்டார். விளையாட்டு மைதானத்தில் ஓரமாக நின்று அவனைக் கவனித்தார். நானும் பத்து நாள் யோசித்து, கணவரோடு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

முடிவில், பையனுக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்றார்கள். புது மொழிக்கு நடுவே வந்து விழும் குழந்தைகள் சில மாதம் வாய் மூடி இருப்பது உண்டாம். ஆங்கிலம் கற்றுக் கொடுக்கத் தனி வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். இரண்டாம் வகுப்பு வந்தபோது, 'அதிகம் பேசுகிறான்' என்று டீச்சர் புகார் சொன்னார்!

பிரச்னை முடிந்தது. அத்தை சொன்னபடியே நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

எங்கள் குடியிருப்பிலேயே இன்னொரு தமிழ்ச் சகோதரி இருந்தார். என்னை 'அக்கா அக்கா' என்று அழைப்பார். அவருடைய பெண்ணுக்கும் முதல் வகுப்பில் இதே போல் கடிதம் வந்திருக்கிறது. பயந்து போய்க் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எனக்கும் சொல்லவில்லை. அந்தப் பெண் மூன்றாம் வகுப்பு வந்தும் ஒரு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க முடியவில்லை. வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று காலையில் வயிற்று வலி என்று படுத்துக் கொள்ள ஆரம்பித்தாள். 2017ல் ஒரு நாள் அந்தச் சகோதரி என்னிடம் வந்து உடைந்து அழுதார். அப்போதுதான் என் பையன் கதையைச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ''அக்கா, இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே!''

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் கௌரவத்துக்காக நான் மூடி வைத்தது, ஒரு குழந்தையின் இரண்டு வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டது.

அவரோடு கூட்டத்துக்குத் துணையாகப் போனேன். சோதனையில் 'டிஸ்லெக்சியா' எனும் வாசிப்புக் குறைபாடு என்று தெரிந்தது. ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் போட்டு, தினமும் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். மெதுவாகத் தேறினாள். அப்புறம் வேறு இரண்டு குடும்பங்களும் கடிதத்தைத் தூக்கிக் கொண்டு என்னிடம் வந்தன. 'இந்த வேலையை நாமே படித்துச் செய்தால் என்ன?' என்ற எண்ணம் அப்போது வந்ததுதான்.

கணவரிடம் சொன்னேன். ''ஏங்க, நான் படிக்கலாமா?''

''படி. ஆனா ஒண்ணு, நீ முடிக்கிற நேரமும் பையன் காலேஜ் போற நேரமும் ஒண்ணா வரும். ரெண்டு பேருக்கும் ஃபீஸ் எங்கேர்ந்து கட்டறது?'' என்றார். நியாயமான கேள்விதானே!

அப்போது எனக்கு எச்-4 விசா. அதில் படிக்கத் தடை கிடையாது. ஆனால், என்னிடம் வேலை பார்க்க அனுமதி இல்லை. இந்தப் படிப்பிலோ பயிற்சி வேலை கட்டாயம். 2019ல் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வழி பிறந்தது. முதலில் பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளும் வேலைக்குப் போனேன். 2021ல் சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளரானேன். அந்தச் சம்பளத்தைத் தொடாமல் சேர்த்தேன்.

இனி விண்ணப்ப விவரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் உள்ள மகளோ மருமகளோ கேட்டால் சொல்ல உதவும்.

பள்ளி உளவியலாளர் ஆவதற்கு இங்கே டாக்டர் பட்டம் அவசியமில்லை. 'ஸ்பெஷலிஸ்ட்' எனும் நிலைப் படிப்பு போதும். முழு நேரமாகப் படித்தால் பொதுவாக மூன்று வருஷம். தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் அளவுகோல்படி, குறைந்தது 60 கிரெடிட் மேற்படிப்புப் பாடங்களும், 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். அதில் 600 மணி நேரமாவது பள்ளியில் செய்ய வேண்டும். பிறகு மாநிலச் சான்றிதழ் வாங்கிக் கொண்டு வேலைக்குப் போகலாம். டாக்டர் பட்டம் என்றால் ஐந்தாறு வருஷம் ஆகும்.

முதல் தடை என் பட்டம். நம் ஊர் மூன்று வருட பி.எஸ்சி.,யை இங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாகச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. 'கல்யாணத்துக்கு முன்னால சும்மா இருக்க வேண்டாமே' என்று அப்பா என்னைச் சேர்த்து விட்ட ஒரு வருட பி.எட்., இப்போது கை கொடுத்தது! மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனத்துக்குக் காட்ட வேண்டும். நான் படித்த பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். எழுபது வயது தாண்டிய அப்பா, வெயிலில் மூன்று தடவை அலைந்து அதை வாங்கி அனுப்பினார்.

அடுத்தது, நான் உளவியல் படித்ததே இல்லை. பொது உளவியல், குழந்தை வளர்ச்சி, புள்ளியியல் போன்ற சில பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் குறைவு. கொரோனாவால் எல்லாம் ஆன்லைனில் நடந்த சமயம், தோசைக்கு ஊறப் போட்டுவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்து மூன்று பாடங்களை முடித்தேன். புள்ளியியல் மட்டும் பழைய சிநேகிதியைப் பார்த்தது போல் இருந்தது.

ஜி.ஆர்.இ. தேர்வைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி. பார்த்துக் கொள்ள வேண்டும்.

2022 டிசம்பரில், நாற்பது வயதில், இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டுமே 'வருந்துகிறோம்' என்று வந்துவிட்டன.

ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் துணிந்து, நான் வேலை பார்த்த பள்ளியின் உளவியலாளரிடம் என் விண்ணப்பத்தைக் காட்டினேன். அவர் இரண்டு குறைகளைச் சொன்னார்.

ஒன்று, பரிந்துரைக் கடிதம். நான் கணவரின் மேலதிகாரியிடமும், வார இறுதித் தமிழ் வகுப்பை நடத்துபவரிடமும் வாங்கியிருந்தேன். பெரிய பதவியில் இருப்பவர் எழுதினால் மதிப்பு என்று நினைத்தேன். ''உங்களை வகுப்பில் பார்த்தவர்கள் எழுத வேண்டும். அழுகிற பிள்ளையை நீங்கள் எப்படி அமைதிப்படுத்துகிறீர்கள் என்று நேரில் பார்த்த டீச்சர் எழுதட்டும். உங்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் எழுதட்டும்'' என்றார்.

இரண்டாவது, 'ஏன் இந்தப் படிப்பு?' என்று நாம் எழுத வேண்டிய கட்டுரை. கூட்டத்தில் நான் அழுதது, தூங்காத ராத்திரிகள் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

''இதில் உங்கள் வலி தெரிகிறது. நீங்கள் என்ன வேலை செய்வீர்கள் என்பது தெரியவில்லை'' என்றவர், கொஞ்சம் நிறுத்தி, ''உங்கள் மகன் இதைப் படித்தானா?'' என்று கேட்டார்.

சுருக்கென்றது. பெற்ற பிள்ளையின் கதையை எங்கேயோ உள்ள பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

அன்று ராத்திரி அவன் கையில் கொடுத்தேன். அப்போது அவனுக்கு 14 வயது. படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்:

''நான் பேசலைன்னு எழுதியிருக்க. நான் பேசினேன்மா. முதல் நாள் தமிழ்ல தண்ணி கேட்டேன். யாருக்கும் புரியல. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் நிறுத்தினேன்.''

பத்து வருஷமாக எனக்கே தெரியாத சங்கதி!

''எழுத வேண்டாம்னா விட்டுடறேன்டா'' என்றேன்.

''எழுது. ஆனா நான் பேசினேன்னு எழுது. அந்த ஆன்ட்டி வீட்டுப் பொண்ணைப் பத்தியும் அவங்ககிட்ட கேட்டுட்டு எழுது. அதுதான் முக்கியம்.''

அந்தச் சகோதரியிடம் போய்க் கேட்டேன். ''பேரு போடாம தாராளமா எழுதுங்கக்கா. இன்னொருத்தி பயப்படாம இருக்கட்டும்'' என்றார்.

புதிதாக எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான். என் மகன் பேசினான், கேட்டவர்களுக்குத்தான் புரியவில்லை என்று ஆரம்பித்தேன். வெட்கத்தால் நான் மறைத்ததையும், அதனால் ஒரு குழந்தை இரண்டு வருஷம் இழந்ததையும் மறைக்காமல் எழுதினேன். வேறு மொழி பேசும் குழந்தையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று கற்றுக் கொள்ள விரும்புகிறேன் என்று முடித்தேன்.

இது எங்கள் வீட்டுப் பிரச்னை மட்டுமில்லை. கலிபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் வைத்துச் சோதித்தபோது பெரும்பாலோர் மதிப்பெண் உயர்ந்தது. நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 1970ல் உடன்பாடு ஏற்பட்டது. 1975ல் வந்த சிறப்புக் கல்விச் சட்டம், முடிந்தவரை குழந்தையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் பெற்றோரின் உரிமை. என் பையன் விஷயத்தில் அந்த அம்மா செய்தது இதைத்தான்.

2023 டிசம்பரில் மறுபடியும் விண்ணப்பித்தேன். கட்டணம் குறைவு என்பதால் மாநில அரசின் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் போட்டேன். பிப்ரவரியில் ஒரு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து பேரை ஒன்றாக உட்கார வைத்தார்கள். மற்ற நால்வரும் என் பையனைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர்கள்! பி.எஸ்சி., இரண்டாம் வருஷத்தில் இயற்பியலில் அரியர் வைத்திருந்தேன்; அதைக் கேட்பார்களோ என்று உள்ளுக்குள் உதறல். யாரும் கேட்கவில்லை.

கேட்டது இதுதான்: ''ஒரு தாய் கையெழுத்துப் போட மறுக்கிறார். என்ன செய்வீர்கள்?''

மற்றவர்கள் சட்டத்தை விளக்குவோம், துண்டுப் பிரசுரம் தருவோம் என்றார்கள். அதுவும் சரிதான். என் முறை வந்தது. ''முதலில் பேனாவை நீட்ட மாட்டேன். வீட்டில் பிள்ளை என்ன பேசும் என்று கேட்பேன். இது யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்றும் கேட்பேன்'' என்றேன். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ஆனால், மூவருமே குறிப்பெடுத்துக் கொண்டார்கள்.

மார்ச்சில் அனுமதி வந்தது. மதுரைக்குப் போன் போட்டதும் அப்பா, ''அந்த உறைக்கு அலைஞ்சது வீண் போகலைம்மா'' என்றார். அத்தை கொஞ்சம் தயங்கினார். ''பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கிற படிப்பா?'' என்று கேட்டார். இல்லை அத்தை, மருந்து கொடுப்பது டாக்டர் வேலை; பிள்ளைக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை, வகுப்பில் ஏன் முடங்கிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, டீச்சருக்கும் பெற்றோருக்கும் வழி சொல்வதுதான் எங்கள் வேலை என்று விளக்கினேன். ''அப்ப நம்ம பயலுக்குப் பண்ணாங்களே, அது மாதிரியா?'' என்றார். ஆமாம் என்றேன். ''நல்ல வேலைதான், படி'' என்றார். போன மாதம் உறவில் ஒரு பேத்திக்குப் பேச்சு வரத் தாமதம் என்று கேள்விப்பட்டு, ''மறைக்காதீங்க, போய்க் காட்டுங்க'' என்று அவரே சொன்னாராம்!

கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் எனக்கு இன்டர்ன்ஷிப். சம்பளம் தரும் இடங்களும் உண்டு, தராத இடங்களும் உண்டு. பையனுக்கும் கல்லூரி. இரண்டு ஃபீஸ் கணக்கை நானும் அவரும் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறோம். இந்த வருஷம் ராத்திரிச் சமையல் பாதி நாள் கணவர்தான். ரசம் சுமாராக இருக்கும். வாய் திறக்காமல் சாப்பிட்டுவிடுகிறேன்.

ஆனால், வேலைக்குத் தேவை இருக்கிறது. 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் இருக்க வேண்டும் என்கிறது சங்கம். நாட்டில் பல இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர்தான். தமிழ் தெரிந்த ஒருத்தி கூட இருந்தால் நல்லதுதானே.

விண்ணப்பிக்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புவது: வீட்டில் இருந்த வருஷங்களை வெற்று வருஷம் என்று ஒளிக்காதீர்கள். அந்த வருஷங்களில் நீங்கள் என்ன கற்றீர்கள் என்று எழுதுங்கள். ஆனால், பிள்ளையின் கதையை எழுதும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். முதல் தடவை 'இல்லை' என்று வந்தால், ஏன் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

படிக்கப் போகாத சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கோ பேரனுக்கோ ஒரு சிரமம் வந்து, அது தீர்ந்திருந்தால், அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். அங்கேயும் ஒரு கடிதம் பிரிக்கப்படாமல் கிடக்கலாம்.

- ஒரு வாசகி, நியூஜெர்சி, அமெரிக்கா.